வீட்டுல செஞ்ச கரடி வேஷத் தலையில ஃபர் துணிய எப்படி சீரா டிரிம் பண்றது? கோடு கோடா விழுதே?

நீங்க கேட்டது, ஃபோம்ல கரடித் தலை செஞ்சு மேல ஃபர் துணி ஒட்டியாச்சு, முகத்துல மட்டும் முடியக் குறைக்கலாம்னு தாடி டிரிம்மர ஓட்டினா படிக்கட்டு மாதிரி கோடு விழுது, ரெண்டு எடத்துல அடித்துணியே தெரியுது, இத சரி பண்ண முடியுமான்னு. முடியும். கோட்ட முழுசா எடுத்துடலாம். அடித்துணி தெரியற எடத்துக்கு ஒட்டுதான் போடணும், வேற வழியில்ல, ஏன்னா இது வளர்ற முடி இல்ல.

நான் இதக் கத்துக்கிட்டது அக்கா பையனுக்காக. அவன் ஸ்கூல்ல ராமாயண நாடகம் போட்டாங்க, இவனுக்கு ஜாம்பவான் வேஷம், கடல் தாண்டறதுக்கு முன்னாடி அனுமன்கிட்ட உன் பலம் உனக்கே தெரியலப்பான்னு எடுத்துச் சொல்ற காட்சி. வாடகைக்கு கிடைச்ச தலையெல்லாம் கல்யாண மண்டபத்துல நிக்கிற பொம்மை மாதிரி உருண்டையா இருந்துச்சு, பெரியவர் களை எதுலயும் இல்ல, அதனால நானே செய்றேன்னு சொல்லிட்டேன். சோபாவுக்கு வைக்கிற ஃபோம வெட்டி ஒட்டி தலை செஞ்சு, ரெண்டு இஞ்ச் முடி உள்ள கரும்பழுப்பு ஃபர் வாங்கி மேல போத்தினேன். போத்தி முடிச்சதும் பாத்தா மூஞ்சியே இல்ல, கண்ணு மூக்கெல்லாம் முடிக்குள்ள போயிடுச்சு. அப்பதான் டிரிம் பண்றது எவ்ளோ முக்கியம்னு புரிஞ்சுது.

முதல்ல நிஜக் கரடியோட போட்டோ நாலஞ்சு எடுத்து வச்சுக்கோங்க. நம்ம காட்டுக் கரடிக்கு மூக்குப் பக்கம் வெளிறிப்போய் முடி ரொம்பக் கம்மியா இருக்கும், நெத்தியில கொஞ்சம் கூட, காதுலயும் கழுத்துலயும் சடை சடையாத் தொங்கும். அதாவது முகம் பூரா ஒரே அளவுல வெட்டக் கூடாது. நான் அளவு வச்சுக்கிட்டது இப்படி, மூக்குத் தண்டுல 3 எம்எம், கண்ணச் சுத்தி 6, கன்னத்துல 13, கழுத்துல கையே வைக்கல. சலூன்ல ஒரு நம்பர் ரெண்டு நம்பர் மிஷின்னு சொல்றாங்கள்ல, அதே கணக்குதான், மிஷின்ல மாட்டற சீப்போட நம்பர், 1 நம்பர் 3 எம்எம், 2 நம்பர் 6, 4 நம்பர் 13.

இப்ப கோடு ஏன் விழுதுன்னா, பெரும்பாலும் காரணம் கத்தியில இல்ல, ஃபோம்லதான். ஃபோம் மெத்துன்னு இருக்கறதால நீங்க மிஷின வச்சு அழுத்தற எடத்துல பள்ளமாயிடுது, அங்க இருக்கற முடி பிளேடு பக்கத்துல வந்து கூட வெட்டுப்படுது, கைய எடுத்ததும் ஃபோம் எழும்பிடும், அந்த எடம் மட்டும் குட்டையாத் தெரியும். அதனால இடது கைய தலைக்குள்ள விட்டு உள்ளேந்து முட்டுக் கொடுங்க, இல்லன்னா சரியான அளவுல ஒரு பானை இல்ல குடத்து மேல தலையக் கவுத்து வச்சுக்கோங்க. மிஷினோட வெயிட்டே போதும், நீங்க அழுத்தவே வேணாம்.

ரெண்டாவது காரணம் சீவாம ஓட்டறது. நாய்க்கு சீவுவாங்களே வளைஞ்ச கம்பி பிரஷ், பெட் ஷாப்ல கிடைக்கும், அத வச்சு முடிய நல்லா எழுப்பி விட்டு ஒரு தடவ ஓட்டணும், திரும்ப சீவணும், திரும்ப ஓட்டணும். படுத்துக் கிடந்த முடி முதல் ஓட்டத்துல தப்பிச்சுடும், அப்புறம் மெதுவா எழுந்து கோடா நிக்கும். முடி எந்தப் பக்கம் சாயுதோ அதே பக்கமா முதல்ல பெரிய நம்பர் சீப்பு மாட்டி ஓட்டுங்க, கடைசியா மட்டும் எதிர்ப் பக்கமா லேசா ஓட்டுங்க. எதிர்ப் பக்கம் ஓட்டினா நல்லா ஒட்ட வெட்டிடும், அத ஆரம்பத்துலயே பண்ணினா அவ்ளோதான். ரெண்டு இஞ்ச் முடியில நேரா மிஷின விட்டா சிக்கிக்கும், கத்திரியால முதல்ல ஒரு இஞ்சுக்குக் கொண்டு வந்துடுங்க.

தாடி டிரிம்மர் இதுக்கு ஆகாது. மோட்டார் சின்னது, அஞ்சு நிமிஷத்துல திணறும், சூடாகும். இந்த ஃபர் பெரும்பாலும் அக்ரிலிக் நூல், அடியில பாலியஸ்டர் பின்னல், சூடு பட்டா நுனி சுருண்டு சொரசொரன்னு ஆயிடும், அப்புறம் எவ்ளோ சீவினாலும் பழைய மெதுமெதுப்பு வராது. நாய்க்கு முடி வெட்டுற கிளிப்பர் ஒண்ணு வாங்கிடுங்க, இல்ல யார்கிட்டயாவது இரவல் வாங்குங்க. அப்பப்ப நிறுத்தி பிளேட மணிக்கட்டு உள்பக்கம் தொட்டுப் பாருங்க, சுட்டா ஆற விட்டு, முடியத் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அப்புறம் ஓட்டுங்க, விட்ட எண்ணெய வேஸ்ட் துணில துடைச்சுடுங்க இல்லன்னா ஃபர்ல கறை ஏறும்.

என் கதைக்கு வரேன். நாடகத்துக்கு நாலு நாள் இருக்கறப்ப மூக்குத் தண்டுல 1 நம்பர் போட்டு ஓட்டிட்டிருந்தேன், டக்னு ஒரு சத்தம், பாத்தா ஒரு ரூபா காசு அளவுக்கு வெள்ளையா அடித்துணி. அடியில குளூ கன் பசை ஒரு கட்டியா இறுகிப் போயிருந்திருக்கு, அந்த மேட்டுல பிளேடு ஏறி மொத்தமா வழிச்சு எடுத்துடுச்சு. அன்னிக்கு ராத்திரி அழுதுட்டேன், நெஜமாவே. அதுக்கப்புறம் எப்பவும் ஓட்டறதுக்கு முன்னாடி கண்ண மூடிட்டு விரலால முகம் பூரா அழுத்தித் தடவிப் பாத்துடுவேன், பசைக் கட்டி, ஃபோம் மேடு, தையல் முடிச்சு எல்லாம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். இருந்தா அந்த எடத்துல துணியப் பிரிச்சு சரி பண்ணிட்டுத்தான் மிஷின எடுக்கணும்.

ஒட்டு போட்டது இப்படி. வழிச்சுப் போன எடத்த அப்படியே வட்டமா வெட்டி எடுத்துட்டேன். மிச்சத் துணியில அதே அளவு துண்ட பின்பக்கமா பேப்பர் கட்டரால, அடித்துணி மட்டும் அறுபடற மாதிரி மெதுவாக் கீறி எடுத்தேன், கத்திரியால நேரா வெட்டினா ஓரத்து முடியெல்லாம் குட்டையாப் போய் ஒட்டு பளிச்னு தெரியும். முடி சாயற பக்கம் பாத்து வச்சு, ஓரமா நெருக்கத் தையல் போட்டு, தையலுக்குள்ள மாட்டின முடிய ஊசி நுனியால ஒவ்வொண்ணா வெளிய இழுத்து விட்டேன். இழுத்து விட்டப்புறம்தான் வெட்டணும், முன்னாடியே வெட்டிட்டா மாட்டிக்கிட்ட முடி பின்னாடி வெளிய வந்து தனியா நீட்டிட்டு நிக்கும். உங்க தலையில இருக்கற மத்த தையலுக்கும் இதேதான்.

குட்டை முடி நீள முடியோட சேர்ற எடம்தான் ரொம்ப கஷ்டம். எங்க தெரு சலூன் அண்ணன்கிட்ட தலையவே தூக்கிட்டுப் போயிட்டேன். அவரு சிரிக்கல, நாற்காலில வச்சு சுத்திச் சுத்திப் பாத்தாரு, அப்புறம் சீப்ப முடிக்குள்ள சாய்ச்சு விட்டு, சீப்புக்கு மேல நீட்டிட்டிருந்த முடிய மட்டும் நுனி நுனியாக் கத்திரிச்சாரு. பல்லு பல்லா இருக்கற தின்னிங் கத்திரிய முடி போற வாக்குலயே பிடிக்கணும்மா, குறுக்க வெட்டினா கோடுதான் விழும்னாரு. மிஷின ஓட்டி முடிக்கிற எடத்துல மணிக்கட்ட லேசா வெளிய திருப்பி எடுக்கணும்னும் காட்டினாரு. கன்னத்துலேந்து மூக்குக்கு 4, 3, 2, 1ன்னு எறங்கி, ரெண்டு நம்பர் சந்திக்கற எடத்துல இந்தக் கத்திரி வேலை. உங்க படிக்கட்டுக் கோடும் இதுலயே போயிடும், அந்த மேட்ட மட்டும் எடுங்க, பள்ளம் வரைக்கும் மொத்தத்தையும் எறக்கணும்னு நினைக்காதீங்க.

ஒண்ணு மட்டும் டிரிம் பண்ணி சரியாகாது, துணி ஒட்டின திசை. மூக்குலேந்து நெத்திக்கு, மூக்குலேந்து காதுக்கு, தாடையிலேந்து கழுத்துக்கு, எல்லாமே பின்னாடி போற மாதிரி முடி சாயணும். ஏதாவது ஒரு துண்டு தலைகீழா ஒட்டியிருந்தா வெளிச்சத்துல அது மட்டும் வேற கலரா அடிக்கும். அந்தத் துண்ட மாத்திடுங்க.

கடைசியா ஸ்பிரே பாட்டில்ல தண்ணிய லேசாப் பனி மாதிரி அடிச்சு, சாயற பக்கமா சீவி, அப்படியே நெழல்ல காய விடுங்க. அயர்ன் பாக்ஸ், சூடான ஹேர் டிரையர் எதுவும் கிட்ட வரக் கூடாது. காஞ்சதும் ரூம் லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச பக்கவாட்டுல படுக்க வச்சு அடிச்சுப் பாருங்க, தப்பின மேடு பள்ளமெல்லாம் நெழலா விழும், அத மட்டும் கத்திரியால தட்டுங்க.

வேலை பண்றப்ப மாஸ்க் கண்டிப்பா, இந்தத் தூசி மூக்குல தொண்டையில போய் அப்பிக்கும். மின்விசிறிய நிறுத்திடுங்க, பால்கனில பழைய பெட்ஷீட் விரிச்சு உக்காருங்க, காட்டன் நைட்டில உக்காந்தா முடி விடவே விடாது, வழுவழுன்னு ஏதாவது போட்டுக்கோங்க. கொழந்தைங்க பக்கத்துல வேணாம். முடிச்சப்புறம் தலையோட உள்பக்கமும் வாக்குவம் போட்டுடுங்க, போடறவங்க மூச்சு விடறது அதுக்குள்ளதானே.

எங்க ஜாம்பவான் மேடை ஏறினப்ப கடைசி வரிசையிலேந்தும் கண்ணு தெரிஞ்சுது. ஒட்டு போட்ட எடம் எனக்கே தேடினாத்தான் தெரியும்.

உங்ககிட்ட மிச்சத் துணி இருந்தா தூக்கிப் போடாதீங்க. நாளைக்கு முதல் வேலையா அதுல ஒரு துண்ட ஃபோம் மேல குத்தி வச்சு 4 நம்பர்ல ஓட்டிப் பாருங்க, அப்புறம் 2. வெல கம்மியான துணில முடி நெருக்கம் இருக்காது, 2 நம்பர்லயே அடித்துணி தெரிஞ்சா அந்தத் துணில அதுக்கு கீழ போகாதீங்க, மூக்குக்கு மட்டும் குட்டை முடி ஃபர் தனியா ஒரு கால் மீட்டர் வாங்கி வச்சுத் தச்சுடுங்க.