ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் தெற்காசிய வேர்?

கேள்வி: அப்பா வழியில் எல்லோரும் இன்வர்னஸ் பக்கத்து ஸ்காட்லாந்துக்காரர்கள் என்றே நினைத்திருந்தோம். டி.என்.ஏ. பரிசோதனையோ 6% தெற்காசிய வம்சம் என்கிறது. பிழையா?

பதில்: 1% என்றால் சந்தேகப்படலாம். 6% அப்படி ஒதுக்கக்கூடியதல்ல. நான்கு தலைமுறைக்கு முந்தைய 16 முன்னோர்களில் ஒருவரின் சராசரிப் பங்கு 6.25%. மரபணு சமமாகப் பிரிவதில்லை என்பதால் அவர் ஒரு தலைமுறை முன்பின்னாகவும் இருக்கலாம். அப்பா, அத்தை யாராவது இருந்தால் முதலில் அவர்களைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மூத்த தலைமுறையில் அந்தப் பங்கு கூடுதலாகத் தெரியும்.

பிறகு ஆவணங்கள். ஸ்காட்லாந்தில் 1855 முதல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு கட்டாயம். திருமண, இறப்புப் பதிவுகளில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். ஸ்காட்லாந்து அரசின் ஆவணத் தளமான ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் தேடலாம். மக்கள்தொகைக் கணக்கை 1851-லிருந்து பாருங்கள். 1841 கணக்கில் பிறந்த ஊர் கிடையாது. 'கிழக்கிந்தியா' என்று கண்டால் அதுவே பெரிய துப்பு, ஏனெனில் கிழக்கிந்தியக் கம்பெனியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளம்.

அடுத்து, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள, இந்தியாவை நிர்வகித்த பிரிட்டிஷ் அரசுத் துறையான இந்தியா ஆபீஸின் ஞானஸ்நானப் பதிவுகள். அவற்றின் வரிசைக் குறியீடுகள்: வங்காளம் என்/1, சென்னை என்/2, பம்பாய் என்/3. பலர் இங்கேதான் திணறுகிறார்கள். தந்தை பெயர் இருக்கும், இந்தியத் தாயின் பெயர் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். வேதனையான விடுபடல் அது. அதனால் தேடலை நிறுத்தாதீர்கள். தந்தையின் உயிலை எடுங்கள். மணமாகாத துணைக்கும் பிள்ளைகளுக்கும் பணம் ஒதுக்கிய உயில்கள் உண்டு, சிலவற்றில் அவள் பெயரும் இருக்கும். இந்தியாவில் இறந்தவரின் உயிலை அதே இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தேடுங்கள்.