கிராப் மோட் போட்டால் காட்டு மாடு கிட்டே வருமா?

கோத்தகிரியிலிருந்து: அண்ணா, செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி850 வாங்கினேன். டிஎக்ஸ் மோட், அதாவது கிராப் மோட் போட்டால் என் 300 எம்எம் லென்ஸ் 450 ஆகிவிடும் என்கிறார்கள். எப்போதும் அதிலேயே வைத்துக்கொள்ளலாமா?

300 என்றைக்கும் 300தான் தம்பி. கேமரா சென்சாரின் ஓரங்களை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் பதிவு செய்கிறது. அதனால் 450 லென்ஸில் தெரிகிற அளவுக்குக் காட்சி குறுகுகிறது. தேயிலைத் தோட்டத்தில் மேயும் காட்டு மாட்டின் மேல் ஒரு பிக்சல்கூட அதிகமாக விழாது. முழுசாக எடுத்து வீட்டில் வெட்டினாலும் அதே மாடு, அதே கொம்பு. அதற்காகக் கிட்டே போய் எடுக்கப் பார்க்காதே. அது முட்டினால் லென்ஸ் கணக்கெல்லாம் உதவாது.

குன்னூரிலிருந்து: அப்படியானால் அந்த மோட் எதற்கு சார்?

மெமரி கார்டில் இடம் மிச்சம் பிடிக்க. டி850-இல் முழுப் படம் 45.7 மெகாபிக்சல், டிஎக்ஸில் 5408 x 3600, அதாவது 19 சொச்சம். அகலத்தில் ஒன்றரை, உயரத்தில் ஒன்றரை, பெருக்கினால் சுமார் 2.25 மடங்கு குறைகிறது. ரா ஃபைலும் (சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) ஏறக்குறைய அதே கணக்கில் இளைக்கும். பறவையைத் தொடர்ந்து தட்டும்போது பஃபர், அதாவது கேமராவின் தற்காலிக நினைவகம், சீக்கிரம் நிரம்பாது. ஆல்பத்துக்குப் போதுமா என்றால், 300 டிபிஐ-இல் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 12 x 18 அங்குலம் தாராளமாக வரும்.

ஊட்டியிலிருந்து: ஒரே கேமரா, ஒரே செட்டிங். தொட்டபெட்டாவில் எடுத்த ஜேபெக் சின்னதாகவும், சோலைக்குள் எடுத்தது இரண்டு மடங்காகவும் இருக்கிறது. கேமராவில் கோளாறா?

கோளாறு இல்லை, பனிமூட்டம். ஜேபெக் படத்தை 8 x 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. மூட்டத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டமெல்லாம் ஒரே சாம்பல் நிறம். நாலைந்து எண்ணில் எழுதிவிடலாம். சோலையில் பாசி, பெரணி, இலை நரம்பு, நடுவே ஊடுருவும் வெயில் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது மாறிக்கொண்டே இருக்கும். அத்தனையும் எழுதியாக வேண்டும். இதே மூட்டத்தைச் சாயங்காலம் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) 6400-க்கு ஏற்றி எடுத்துப் பாருங்கள், ஃபைல் ஊதிவிடும். புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸும் ஜேபெக்குக்கு 'விவரம்'தான். இலை எது, இரைச்சல் எது என்று அதற்குத் தெரியாது. சுருக்காத ராவில் இந்த வித்தியாசமே வராது.

கூடலூரிலிருந்து: 16:9 (அகலமான படம்) வைத்து எடுத்துவிட்டேன். வெட்டுப்பட்டது திரும்ப வருமா?

ஜேபெக் என்றால் போனது போனதுதான். ரா என்றால் பல கேமராக்களில் முழுப் படமும் உள்ளே இருக்கும், எடிட்டிங்கில் திறந்து பாருங்கள். சில மாடல்களில் ராவையும் வெட்டிவிடும். டி850-இன் டிஎக்ஸ் அந்த ரகம்.

குன்னூரிலிருந்து, மறுபடி: நீங்கள் எதில் வைத்திருப்பீர்கள்?

முழுசில்தான். ஒருமுறை பறவைக்காக டிஎக்ஸ் போட்டதை மறந்து, மறுநாள் ஹில்குரோவ் பக்கம் மலை ரயிலுக்குக் காத்திருந்தேன். வியூஃபைண்டரில் கட்டம் தெரிந்தும் கவனிக்கவில்லை. 24 லென்ஸ் 36 போல ஆகி, எல்லாப் படத்திலும் பின்னால் தள்ளுகிற என்ஜின் பாதிதான். இப்போது இமேஜ் ஏரியாவை (முழுசா, டிஎக்ஸா என்ற தேர்வை) ஒரு ஃபங்ஷன் பட்டனில் வைத்துவிட்டேன். பையில் போடும் முன் அதை அமுக்கி டயலைச் சுற்றி எஃப்எக்ஸுக்கு, அதாவது முழுப் படத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன்.