முதலில் குடியை விடட்டும்

அன்புள்ள ஐயா,

அலுவலகம் போகும் வழியில், நடைபாதையில் படுத்திருக்கும் முதியவர் ஒருவரை மூன்று மாதமாகப் பார்க்கிறேன். காலில் ஆறாத புண். எந்நேரமும் குடித்திருக்கிறார். பணம் கொடுக்கலாமா? முதலில் குடியை விடட்டும், பிறகு உதவலாம் என்கிறார் என் கணவர். சரிதானே?

க.

அன்புள்ள க.,

பணம் உங்களுடையது. கொடுங்கள், கொடுக்காமல் இருங்கள். எனக்குத் தகராறு உங்கள் கணவரின் வாக்கியத்தோடுதான்.

என் சித்தப்பா கடைசிக் காலத்தைத் தெருவில் கழித்தவர். புண்ணோடு ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். குடிக்காமல் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எனக்காக அன்றிரவு அவர் குடிக்கவில்லை. காலையில் கை நடுங்கியது. மாலையில் வலிப்பு. வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பிழைக்கவில்லை.

நெடுங்காலம் தினமும் குடித்த உடல், மது நரம்புகளை அமுக்குவதற்கு ஈடுகொடுத்தே இயங்கப் பழகியிருக்கும். அதைச் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குச் சித்தப்பிரமை, காய்ச்சல், கவனிக்காவிட்டால் மரணம். மருத்துவர் மேற்பார்வையில் டயசிபாம் போன்ற மருந்தும், தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் தந்து பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம். கட்டிலும் மருந்தும் தராமல், தெருவில் கிடப்பவரிடம் "விடு" என்று சொல்லாதீர்கள். வைராக்கியம் வலிப்பைத் தடுக்காது. விட்டாலும், கட்டுப்போட்ட காலை மழையில் எங்கே வைப்பார்? மாத்திரையை எங்கே பத்திரப்படுத்துவார்?

1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் வரிசையைத் தலைகீழாக்கினார். தெருவில் வாழ்ந்த மனநோயாளிகளுக்கு, குடியையும் போதையையும் விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லாமல் முதலில் வீடு; சிகிச்சை அதன்பின், அவர்கள் விருப்பப்படி. பெரும்பாலோர் அந்த வீடுகளில் நிலைத்தார்கள். 1985-இல் பாஸ்டனில் தெருவாசிகளுக்கு வைத்தியம் பார்க்க வந்த ஜிம் ஓ'கானல் என்ற மருத்துவருக்குச் செவிலியர்கள் தந்த முதல் வேலை, அந்தத் தெருவாசிகளின் பாதங்களைக் கழுவிவிடுவது.

மூன்று மாதமாகப் பார்க்கிறீர்கள். புண்ணை எழுதியிருக்கிறீர்கள், குடியை எழுதியிருக்கிறீர்கள். அந்த மனிதரின் பெயர் உங்கள் கடிதத்தில் இல்லை, அம்மா. நாளை நின்று கேளுங்கள். புண்ணைப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். வரச் சம்மதித்தால் மருத்துவமனையில் கூடவே இருங்கள். தினம் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அன்று மாலை மருத்துவர் கேட்டபோது, வெட்கப்பட்டு, "அவருக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை" என்று சொன்னவன் நான்.