பிள்ளையின் டிஎன்ஏவைப் பார்த்துப் படிப்புத் திறனைக் கணிப்பது சரியா?

"படிப்பு வருமா வராதா என்று டிஎன்ஏ சோதனையில் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அதற்கேற்ப வகுப்புப் பிரித்தால் என்ன தப்பு? நோயை முன்கூட்டிக் கண்டுபிடிப்பது போலத்தானே இதுவும்? என் மகனுக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மரபியல் படித்தவள் இல்லை, கணக்கு டீச்சர். இந்த விஷயத்தைப் பற்றி எது கண்ணில் பட்டாலும் விடாமல் படிப்பதற்குக் காரணம் ஒரு பென்சில் புள்ளி.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், நடுவிலேயே மாற்றலாகிப் போன ஓர் ஆசிரியையிடமிருந்து ஆறாம் வகுப்பு என் கைக்கு வந்தது. வருகைப் பதிவேட்டில் எட்டுப் பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னதாகப் பென்சில் புள்ளி. கொஞ்சம் மந்தமான பிள்ளைகள் போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவர்களைப் போர்டுக்குக் கூப்பிட்டால் சுலபமான கணக்காகத்தான் தருவேன். திணறினால் காத்திருக்கமாட்டேன், விடையை நானே சொல்லி, "பரவாயில்லை, உட்காரும்மா" என்பேன். அன்பாகத்தான் செய்தேன். நான்கு மாதம் கழித்து அந்த ஆசிரியையிடம் போனில் வேறு எதையோ பேசும்போது இதைக் கேட்டேன். லைப்ரரி புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களாம்! அதற்குள் அந்த எட்டுப் பேரில் ஒரு பெண் கை தூக்குவதையே நிறுத்தியிருந்தாள்.

டிஎன்ஏ மதிப்பெண் என் கற்பனைப் புள்ளி மாதிரி இல்லை, அதில் உண்மை இருக்கிறது என்பீர்கள். இருக்கிறதுதான். எவ்வளவு என்று பார்ப்போம்.

படிப்புக்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது. 2022இல் வெளியான ஆய்வு ஒன்றில் சுமார் 30 லட்சம் பேரின் டிஎன்ஏவை அலசி, அவர்கள் எத்தனை வருடம் படித்தார்கள் என்பதோடு தொடர்புள்ள ஏறத்தாழ 3,950 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. இப்படித் துளித்துளியாகக் கூட்டி ஒரு எண் செய்வதுதான் பாலிஜெனிக் ஸ்கோர். மனிதருக்கு மனிதர் படித்த வருடங்களில் இருக்கும் வேறுபாட்டில் 12 முதல் 16 சதவீதத்தை இது விளக்குகிறது. ஒரு கூட்டத்தைப் படிக்கும் ஆராய்ச்சியாளருக்கு அது பெரிய எண். ஆனால் என் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு? கணக்கு டீச்சர் அல்லவா, போட்டுப் பார்த்தேன். எங்காவது இரண்டு பேரை எடுத்து, ஸ்கோர் அதிகமுள்ளவர்தான் அதிகம் படிப்பார் என்று பந்தயம் கட்டினால் 100 தடவையில் ஏறக்குறைய 62 தடவை ஜெயிப்போம். நாணயத்தைச் சுண்டினாலே 50.

அந்த 62க்குள்ளும் மரபணு அல்லாத சரக்கு நிறைய இருக்கிறது. 2018இல் ஐஸ்லாந்து ஆய்வு ஒன்று, பெற்றோரிடம் இருந்தாலும் பிள்ளைக்கு வந்து சேராத மரபணு வகைகளை மட்டும் எடுத்துப் பார்த்தது. பிள்ளையின் உடம்பிலேயே இல்லாத அவையும் பிள்ளையின் படிப்போடு தொடர்பு காட்டின. வந்து சேர்ந்தவற்றின் தாக்கத்தில் ஏறக்குறைய 30 சதவீதம்! அவை பெற்றோர் வழியாக, வீட்டின் வழியாக வேலை செய்கின்றன என்பதுதான் விளக்கம். ஒரே வீட்டு அண்ணன் தம்பியை ஒப்பிட்டால் ஸ்கோரின் பலம் பாதி அளவுக்கு இறங்கிவிடுவதும் இதனால்தான். அப்புறம், இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் டிஎன்ஏதான். 2018இல் 11 லட்சம் பேரை வைத்துச் செய்த ஸ்கோர், ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் 2 சதவீதத்தைக்கூட விளக்கவில்லை.

இதையெல்லாம்விட என்னை யோசிக்க வைத்தது அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டோபர் ஜென்க்ஸ் 1972இல் சொன்ன ஒரு கற்பனை. ஒரு நாட்டில் செம்பட்டை முடி உள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவே மாட்டார்கள் என்று வையுங்கள். அங்கே ஆராய்ச்சி செய்தால், செம்பட்டை முடியைத் தரும் மரபணுதான் எழுத்தறிவைக் கெடுக்கிறது என்று புள்ளிவிவரம் சொல்லும். கணக்கில் பிழையே இருக்காது. குற்றவாளி கதவைச் சாத்தியவன், பழி மட்டும் மரபணு மேல். நிறத்துக்காகவோ பிறப்புக்காகவோ பிள்ளைகளைப் பின்வரிசைக்குத் தள்ளிய எந்தச் சமூகத்திலும் இந்த ஸ்கோர், பழைய அநியாயத்தைக் கொஞ்சம் அறிவியல் வாசனையோடு திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சரி, நோய் ஒப்பீட்டுக்கு வருகிறேன். பினைல்கீட்டோனூரியா என்று ஒரு பிறவிக் கோளாறு உண்டு. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, குறிப்பிட்ட உணவுக் கட்டுப்பாட்டை உடனே ஆரம்பித்தால் மூளை பாதிக்கப்படாமல் பிள்ளை நன்றாக வளரும். அங்கே சோதனை ஒரு வேலையைக் கையில் கொடுக்கிறது. படிப்பு ஸ்கோர் என்ன கொடுக்கிறது? "உங்கள் மகன் கீழ் 20 சதவீதத்தில்" என்று ஒரு தாள் என் மேஜைக்கு வந்தால், நாளைக் காலை பின்னக் கணக்கை நான் எப்படி வேறு மாதிரி நடத்த வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. அவன் எங்கே தடுக்குகிறான் என்பது போன வார நோட்டில் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் 2020இல் இதைச் சோதித்தும் பார்த்தார்கள்: பிள்ளையின் முந்தைய தேர்வு மதிப்பெண்ணும் வீட்டுச் சூழலும் தெரிந்திருந்தால், மேற்கொண்டு மரபணு ஸ்கோர் சேர்ப்பதால் கிடைப்பது மிகச் சொற்பம்.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை ஒதுக்க மாட்டேன். டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளை, வாசிக்கத் திணறி அவமானப்பட்ட பிறகுதான் பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படுகிறது. நான்கு வயதிலேயே தெரிந்தால் எவ்வளவு நல்லது! ராபர்ட் பிளோமின் போன்ற மரபியலாளர்கள் இப்படித்தான் வாதிடுகிறார்கள், அந்த அக்கறை பொய்யில்லை. ஆனால் "வீட்டில் வேறு யாருக்காவது வாசிப்பதில் சிரமம் இருந்ததா?" என்று கேட்பதும், எழுத்தின் ஒலிகளைப் பிரித்துச் சொல்ல வருகிறதா என்று ஐந்து நிமிடம் விளையாட்டாகப் பார்ப்பதும் இன்றைக்கே கிடைக்கும் வழிகள். அதற்கு டிஎன்ஏ சோதனைக்கு எச்சில் பிடிக்கும் குப்பி தேவையில்லை. நல்லது செய்ய இந்த எண் அவசியமே இல்லை. சீக்கிரமே கைவிடுவதற்குத்தான் அது தோதான சாக்கு. நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான்.

கைவிடுவது டீச்சர் மட்டுமல்ல, பிள்ளையே தன்னைக் கைவிடலாம். 2018இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சிலரை டிரெட்மில்லில் ஓடவிட்டு, பிறகு "உங்களுக்கு உடற்பயிற்சிக்கு ஒத்துழைக்காத மரபணு" என்றோ "நல்ல மரபணு" என்றோ சொன்னார்கள். யாருக்கு எது உண்மை என்பதைப் பார்க்காமல், குலுக்கல் முறையில் சொன்னது. மறுபடி ஓடியபோது, கெட்ட செய்தி கேட்டவர்கள் முன்பைவிடச் சீக்கிரம் நின்றுவிட்டார்கள். நுரையீரலின் செயல்திறன்கூடக் குறைந்திருந்தது. வளர்ந்தவர்களின் நுரையீரலே காகிதத்தை நம்புகிறது என்றால் பத்து வயதுப் பிள்ளையை என்ன சொல்ல.

நல்ல நோக்கம் காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். 1905இல் பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியது, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டறியத்தான். சில வருடங்களில் அது அமெரிக்காவுக்குப் போய் முத்திரை குத்தும் கருவியானது. "மந்தபுத்தி" என்ற பெயரில் கட்டாயக் கருத்தடை செய்வதை அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 1927இல் சரி என்றது.

தகவல் எங்கே போய்ச் சேரும் என்பது இன்னொரு தலைவலி. மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்கா 2008இல் போட்ட சட்டம் வேலைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும்தான், பள்ளிக்கூடம் அதில் இல்லை. 2012இல் கலிபோர்னியாவில் ஒரு சிறுவனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நுரையீரல் நோய் தொடர்பான மரபணு அடையாளம் இருந்தது, நோய் இல்லை. பெற்றோர் பள்ளியின் மருத்துவப் படிவத்தில் அதை நேர்மையாக எழுதினார்கள். பள்ளி அவனை வேறு இடத்துக்கு மாறச் சொல்ல, விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

மொத்தமாகவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. பெயரை மறைத்து, பிள்ளையை விட்டுவிட்டுப் பள்ளியை அளக்கப் பயன்படுத்தட்டும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அப்படி ஓர் ஆய்வு நடந்தது, 2020இல் வெளியானது. ஸ்கோர் குறைந்த பிள்ளைகள் வசதியான பள்ளியில் படித்தால் கணக்குப் பாடத்தை விடாமல் தொடர்ந்தார்கள், வசதி குறைந்த பள்ளியில் அதே ஸ்கோர் உள்ளவர்கள் நடுவிலேயே விட்டார்கள். இது எனக்கு உபயோகமான தகவல்.

உங்கள் மகன் விஷயத்துக்கு: சோதனை எடுக்காதீர்கள். அவன் பெரியவனான பிறகு வேண்டுமென்றால் அவனே எடுக்கட்டும், டிஎன்ஏ அவனுடையது. ஏற்கெனவே எடுத்து முடிவும் கையில் இருந்தால் அவனிடம் சொல்லாதீர்கள், டீச்சரிடமும் வேண்டாம். படிப்பில் நிஜமாகவே ஏதோ இடிக்கிறது என்று தோன்றினால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அப்புறம் அவன் தப்பாகப் போட்ட ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எப்படிப் போட்டாய்?" என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்.