பின் நம்பர் போட்டால் பணம் வராது, போகும்

கேள்வி: பழைய மரக் கட்டிலை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்தேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் பேரமே பேசாமல் 6,000 ரூபாய்க்குச் சம்மதித்தார். முதலில் 1 ரூபாய் அனுப்பினார், வந்தது. அப்புறம் ஒரு கியூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்றார். போட்டதும் என் கணக்கிலிருந்து 6,000 போய்விட்டது. "தப்பாகிவிட்டது, சேர்த்து அனுப்புகிறேன்" என்று இன்னொரு கோடு அனுப்பினார். பதற்றத்தில் அதற்கும் பின் போட்டேன், 12,000 போனது. அந்தத் திரையில் என்ன இருந்தது என்றுகூட நினைவில்லை. மூன்று நாள் ஆகிறது. வங்கியில் "நீங்களேதான் பின் போட்டிருக்கிறீர்கள்" என்கிறார்கள். காவல் நிலையத்தில் வங்கிக்குப் போகச் சொல்கிறார்கள். இப்போது ஒருவர் போன் செய்து, 10 சதவீதம் கொடுத்தால் பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: நம்பாதீர்கள். அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அவர் சொல்லும் எந்த ஆப்பையும் போனில் ஏற்றாதீர்கள். இன்னும் 1930 என்ற எண்ணை அழைக்கவில்லை என்றால், இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு அழையுங்கள். அழைத்து முடித்துவிட்டு மீதியைப் படிக்கலாம்.

முதலில் உங்களுக்குப் போன் செய்தவரைப் பற்றி. கையில் இருந்ததைப் பறிகொடுத்துவிட்டுத் தவிக்கிறவர்களைத் தேடி வரும் இந்த 'மீட்பு' ஆட்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம், முதலில் ஏமாற்றியவர்மேல்கூட இல்லை. நீங்கள் ஏமாந்தது இவருக்கு எப்படித் தெரிந்தது? பல நேரம் அதே கூட்டத்தின் இன்னொரு குரல்தான் அது. இல்லையென்றால், ஏமாந்தவர்களின் எண்களை அவர்களிடமிருந்து வாங்கியவர். சமூக வலைதளத்தில் யாராவது மனம் நொந்து எழுதினால், "எனக்கும் இப்படி ஆனது, இவர்தான் வாங்கிக் கொடுத்தார்" என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் இவர்களே. சைபர் பிரிவு அதிகாரி என்பார்கள், வக்கீல் என்பார்கள், ரிசர்வ் வங்கி ஏஜென்ட் என்பார்கள். ரிசர்வ் வங்கிக்கு அப்படி ஏஜென்ட் என்று யாரும் கிடையாது. பெயர் போட்ட கடிதம், முத்திரை, அடையாள அட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். அதையெல்லாம் அச்சடிக்க அவர்களுக்குப் பத்து நிமிடம் போதும். முதலில் கோப்புக் கட்டணம் கேட்பார்கள். கட்டியதும், "பணம் தயார், ஜிஎஸ்டி மட்டும் பாக்கி" என்பார்கள். அதையும் கட்டினால் அடுத்த கட்டணம் வரும்.

இதில் இன்னொரு ஆபத்து உண்டு. "உங்கள் போனைச் சரிபார்க்க வேண்டும்" என்று திரையைப் பகிரும் ஆப் ஒன்றை ஏற்றச் சொல்வார்கள். அந்த ஆப்கள் கணினி பழுது பார்ப்பவர்கள் பயன்படுத்தும் உண்மையான ஆப்கள்தான், அதனால் பிளே ஸ்டோரிலேயே கிடைக்கும். ஏற்றி, அனுமதி கொடுத்துவிட்டால் உங்கள் ஓடிபி முதல் எல்லாம் எதிராளியின் கண்முன் ஓடும். எனிடெஸ்க் ஆப்பை வைத்து இப்படி நடப்பதாக 2019-லேயே ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளை எச்சரித்தது. இன்றும் அதே வழியில்தான் திருடுகிறார்கள். அதேபோல வங்கியின் கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். போலி எண்களை அங்கே மேலே வரும்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் டெபிட் கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண் போதும்.

சரி, 1930. மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கும் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையத்தின் ஏற்பாடு அது. 2021-ல் 155260 என்ற எண்ணில் தொடங்கி, பிறகு 1930 ஆனது. கட்டணம் எதுவும் இல்லை. நீங்கள் சொல்லும் விவரம் கணினியில் ஏறியதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். அந்தக் கணக்கில் பணம் இன்னும் இருந்தால் எடுக்க முடியாதபடி நிறுத்தி வைப்பார்கள். அடுத்த கணக்குக்குப் போயிருந்தால், அந்த வங்கிக்குத் தகவல் நகரும். பணம் ஏடிஎம் வழியாக வெளியே போய்விட்டால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். அதனால்தான் இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மூன்று நாள் என்பது அதிகம், மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் முழுத் தொகையும் போய்விட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். இடையில் ஏதோ ஒரு கணக்கில் கொஞ்சம் தங்கியிருக்கலாம்.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: இரண்டு பரிவர்த்தனைகளின் 12 இலக்க எண்கள் (உங்கள் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும்), தேதி, நேரம், பணம் போன யுபிஐ முகவரி, அந்த ஆளின் போன் எண். புகாருக்கு ஒரு எண் தருவார்கள், அதை எழுதி வையுங்கள். சைபர்க்ரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் விவரங்களை முழுமையாகப் பதியுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அவமானமாக இருக்கிறது என்று பலர் முதலில் செய்வதே அதை அழிப்பதுதான். அதோடு ஆதாரமும் போய்விடுகிறது.

வங்கி காவல் நிலையத்தைக் காட்டுவதும், காவல் நிலையம் வங்கியைக் காட்டுவதும் எனக்குப் புதிதல்ல. வங்கிக் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். பணத்தை இழந்து வந்து நிற்கிறவரிடம் 1930 என்ற நான்கு இலக்கத்தைச் சொல்ல எத்தனை விநாடி ஆகும்? அதைக்கூடச் சொல்லாமல் வெறுங்கையோடு அனுப்புகிறார்கள். மோசடிக்கு எதிரான சுவரொட்டி அதே கிளையின் சுவரில் ஒட்டியிருக்கும். காவல் நிலையத்தில் மறுத்தாலும் நீங்கள் திரும்பி வர வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். பிரிவு எண்ணைச் சொன்னதும் பல இடங்களில் நாற்காலி கிடைக்கும்.

அடுத்து, வங்கி சொல்வது சரியா? பாதி சரி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதிப்படி, உங்களுக்குத் தெரியாமல் உங்கள் கணக்கிலிருந்து வேறொருவர் பணம் எடுத்து, அதை மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் தெரிவித்தால், இழப்பு உங்களுடையது அல்ல. ஆனால் நீங்களே ஸ்கேன் செய்து, நீங்களே பின் போட்டதை வங்கிகள் இந்த விதிக்குள் சேர்ப்பதில்லை. ஏமாற்றப்பட்டுத்தான் போட்டீர்கள் என்பது அவர்கள் கணக்கில் வராது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனாலும் நிலைமை இதுதான். அதே விதியில் உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. நீங்கள் வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஒரு ரூபாய் போனாலும் அது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தது போதாது.

இனி பின் நம்பர். பணம் வாங்க எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். கியூஆர் கோடு என்பது "இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பு" என்ற முகவரி, அவ்வளவுதான். பணம் கொடுக்கிறவர்தான் ஸ்கேன் செய்வார். கட்டிலை விற்கிறவர் நீங்கள், எனவே உங்கள் கோடைத்தான் அவர் ஸ்கேன் செய்திருக்க வேண்டும். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதியை இந்த மோசடிகளைத் தடுக்கவே, யுபிஐயை நடத்தும் தேசிய பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் 2025 அக்டோபர் முதல் நிறுத்திவிட்டது. ஒரு கதவை அடைத்தார்கள், கியூஆர் கோடு என்ற கதவு திறந்தே இருக்கிறது. அவர் முதலில் அனுப்பிய 1 ரூபாய் உங்கள் நம்பிக்கையைப் பெறத்தான். அந்த ஒரு ரூபாய் வந்தபோது நீங்கள் எதையும் ஸ்கேன் செய்யவில்லை, பின்னும் போடவில்லை. மீதி 5,999 வருவதற்கும் அதே வழி போதும்.

'பின் போடாமல் பணம் போகாது' என்று நான் சொன்னால் அதில் ஒரு விலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் இரண்டாவது முறை திரையில் என்ன இருந்தது என்று நினைவில்லை என்கிறீர்கள். ஆட்டோபே என்று ஒரு வசதி உண்டு. சினிமா ஆப், இன்சூரன்ஸ் தவணை போன்றவற்றுக்கு மாதாமாதம் தானாகப் பணம் போவதற்காக வைத்தது. அதற்கு ஒரே ஒரு முறை, ஒப்புதல் தரும்போது மட்டும் பின் போட்டால் போதும். அதற்கப்புறம் ஒவ்வொரு தவணையும், பொதுவாக 15,000 ரூபாய் வரை, உங்களைக் கேட்காமலே போகும். முந்தைய நாள் ஒரு அறிவிப்பு வரும், அவ்வளவுதான். ஒரு நாளைக்குப் பத்து எஸ்எம்எஸ் வரும் போனில் அதை யார் கவனிக்கிறார்கள்? '1 ரூபாய்க்குச் சோதனைச் சந்தா' என்று காட்டி, 1 ரூபாய்தானே என்று நீங்கள் பின் போட, உண்மையில் நீங்கள் ஒப்புக்கொண்டது மாதாமாதம் போகப்போகும் ஒரு பெரிய தொகைக்கு என்று ஆகிவிடும். இதைச் செய்வது மோசடிக்காரர்கள் மட்டுமல்ல, சந்தாதாரர்களைச் சேர்க்க அலையும் சில ஆப்களும்தான். ஆகவே உங்கள் யுபிஐ ஆப்பைத் திறந்து, ஆட்டோபே அல்லது மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க நீங்கள் தந்த ஒப்புதல்) என்று இருக்கும் பகுதிக்குப் போங்கள். அங்கே உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால் உடனே ரத்து செய்யுங்கள். ஆப்பையே அழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒப்புதல் உங்கள் வங்கிக் கணக்கோடு கட்டப்பட்டது, ஆப்பை அழித்தாலும் அது அப்படியே இருக்கும். ஆப்பில் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கிளைக்குப் போய், உங்கள் கணக்கில் எந்தெந்த மேண்டேட் உயிரோடு இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று. அடுத்த சில நாட்களில் உங்கள் கணக்குக்கு யாரோ பணம் அனுப்பி, "தெரியாமல் போட்டுவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று கெஞ்சினால் நீங்களாக அனுப்பாதீர்கள். முதலில் உண்மையிலேயே வந்ததா என்று கணக்கு இருப்பில் பாருங்கள், எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள். வந்திருந்தால், அனுப்பியவரைத் தன் வங்கியில் சொல்லி மீட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், நீங்களும் உங்கள் வங்கிக்குத் தெரிவியுங்கள். அது உங்களைப் போலவே ஏமாந்த இன்னொருவரின் பணமாக இருந்தால், அவர் புகார் கொடுத்ததும் முடக்கப்படுவது உங்கள் கணக்கு. அதைத் திறக்க அலையும் அலைச்சல், 18,000 போனதைவிடக் கொடியது.

வங்கிக்கு நாளைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். இரண்டு பரிவர்த்தனை எண்கள், தொகை, 1930 புகார் எண், நீங்கள் முதல் முறை கிளையில் சொன்ன தேதி நான்கும் அதில் இருக்கட்டும். "மோசடியாகப் பெறப்பட்ட தொகையை எதிர்த்தரப்பு வங்கியில் நிறுத்தி வைக்கவும், என் கணக்கில் உள்ள மேண்டேட் பட்டியலைத் தரவும் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதினால் போதும். நகலில் சீலும் தேதியும் வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ வங்கிகள்மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனுக்குப் புகார் அனுப்பலாம். அதற்கும் கட்டணம் இல்லை, யாருடைய சிபாரிசும் தேவையில்லை. எங்காவது பணம் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகத் தெரிந்தால், அதை விடுவிக்கச் சில நேரம் நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம். அதற்கு உங்கள் பகுதி சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், பெண்களுக்கு அங்கே இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள். 10 சதவீதம் கேட்டாரே, அவருடைய எண்ணையும் 1930 புகாரில் சேர்த்துவிடுங்கள்.