"எடுத்துக் காட்டு ஆயா": பெரியவர்களும் மாத்திரையும்

வீட்டுப் பெரியவர்களுக்கு மாத்திரை கொடுப்பதில் வரும் சந்தேகங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். வேலூர் பக்கம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குள் பல வருஷம் நின்றவள் என்பதால், பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

பேரணாம்பட்டிலிருந்து ஒரு பேத்தி: அக்கா, எங்க ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. நிறத்தைப் பார்த்துத்தான் மாத்திரை போடுறாங்க. எப்படிச் சொல்லித் தர்றது?

நிறத்தை நம்பவே கூடாதும்மா. கம்பெனி மாறினால் அதே மருந்து வேறு நிறத்தில் வரும். ஒடுகத்தூர் பக்கத்து ஆயா ஒருவர் தலைச்சுற்றல் என்று வந்து, மஞ்சள் பையை என் முன்னால் கவிழ்த்தார். வெற்றிலைக் காம்பு, கசங்கிய பஸ் டிக்கெட், நடுவே இரண்டு அட்டை. இரண்டிலும் அம்லோடிபின் என்ற அதே பிரஷர் மருந்துதான். ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுத்தது, இன்னொன்று மகன் கடையில் வாங்கியது. "இது பிரஷருக்கு, இது தலைச்சுத்தலுக்கு" என்றார். தினமும் இரண்டையும் போட்டிருக்கிறார். பிரஷர் ஏகமாக இறங்கியிருந்தது. டாக்டர் ஒன்றை நிறுத்தியதும் தலைச்சுற்றலும் நின்றது.

அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா வரையுங்கள். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டாதீர்கள், மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும். அப்புறம், "புரிஞ்சுதா ஆயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லா ஆயாவும் புரிஞ்சுதுன்னுதான் சொல்வார்கள். "நாளைக்குக் காலையில எதைப் போடுவ, எடுத்துக் காட்டு ஆயா" என்று கேளுங்கள். கை தப்பான அட்டைக்குப் போனால் நாம் சொன்ன விதம் சரியில்லை என்று அர்த்தம். திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள், அதுதான் எனக்குப் பயம்.

ஆற்காடு: நைனாவுக்கு இன்சுலின். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. இந்த வெயிலில் என்ன செய்ய?

அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊர் 40 டிகிரியைத் தாண்டும், அலமாரியில் வைத்தால் மருந்து கெடும். பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், அதன் மேல் ஈரத்துணி. பாட்டிலை நனையாமல் கவரில் போட்டு உள்ளே வையுங்கள். திறக்காத பாட்டிலைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் கொடுத்து வைக்கலாம், ஃப்ரீசரில் மட்டும் வேண்டாம். உறைந்துபோனால் பயன்படுத்தக் கூடாது.

சிரிஞ்சையும் பாருங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் உள்ளதுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

காட்பாடி: காலை மாத்திரையை மறந்தால் அம்மா ராத்திரி சேர்த்துப் போடுறாங்க. சரியா?

கூடவே கூடாது. சீக்கிரம் ஞாபகம் வந்தால் போடலாம்; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள்.

வாலாஜா: ஆடிக் கிருத்திகைக்கு அத்தை பட்டினி இருப்பாங்க. சுகர் மாத்திரை போடலாமா?

சில சுகர் மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையை அபாயமாக இறக்கிவிடும். விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். வியர்வை, கை நடுக்கம், உளறல் வந்தால் விரதத்தை விட்டுவிட்டு உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆம்பூர்: தாத்தாவுக்கு முழுங்க முடியலை. பொடி பண்ணிக் கொடுக்கலாமா?

கேட்காமல் பொடி பண்ணாதீர்கள். பெயரோடு எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை. பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கும். டாக்டரிடம் சொன்னால் மாற்று தருவார்.

குடியாத்தம்: பீடி சுற்றி அம்மாவுக்கு முதுகுவலி. கடையில் வலி மாத்திரை வாங்கித் தர்றேன். பிரஷரும் இருக்கு.

நிறுத்துங்கள் தம்பி. டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும். சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

அணைக்கட்டு: மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்திருக்காங்க. அம்மாவே எடுத்துப் போட்டுக்கலாமா?

இதை மட்டும் நீங்களே கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரே நாள் போடும் மருந்து இது. தினமும் போட்டால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொன்ன கிழமையில் அந்த அளவை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, அன்றைய காலண்டர் தாளில் அம்மா கையாலேயே ஒரு டிக் போடச் சொல்லுங்கள். தவறி தினமும் போட்டிருந்தால், புண் வரட்டும் என்று காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.