வாசகர் கேள்வி பதில்: காகிதத் தடமும் பால்மரக் காடும்

என் வீட்டுக்காரர் சனிக்கிழமை மத்தியானம் ஆனால் ‘ஹேஷ்’ என்று கிளம்பிவிடுகிறார், இருட்டிய பிறகு முழங்கால்வரை சேறோடு வருகிறார். அது என்ன பந்தயம்? ஒருநாளும் பரிசு என்று எதையும் கொண்டுவந்ததில்லையே!
– கூலிம் வாசகி

பரிசு வராது, ஏனென்றால் அது பந்தயமே இல்லை. ஒருவர் முயல், மற்றவர்கள் வேட்டை நாய்கள். முயலாக இருப்பவர் முன்னாலேயே போய்த் தோட்டம், ஓடை, மேடு என்று காகிதத் துண்டுகளைப் போட்டுத் தடம் அமைத்துவிடுவார், பிற்பாடு மற்றவர்கள் அந்தத் தடத்தைத் தேடிக்கொண்டே ஓட வேண்டும். இங்கிலாந்துப் பள்ளிகளில் பையன்கள் விளையாடிய பழைய விளையாட்டுதான், ஆனால் இன்று உலகம் முழுக்க இருக்கும் ஹேஷ் குழுக்களுக்குத் தாய்வீடு நம் கோலாலம்பூர். 1938-இல் கிஸ்பர்ட் என்ற கணக்காளரும் அவருடைய வெள்ளைக்கார நண்பர்கள் சிலரும் தொடங்கியது. அவர்களில் பலர் தங்கிச் சாப்பிட்ட சிலாங்கூர் கிளப் விடுதியில் சாப்பாடு தினமும் ஒரே மாதிரி சுவையற்று இருந்ததாம், அதனால் அந்தச் சாப்பாட்டுக்கூடத்துக்கு ‘ஹேஷ் ஹவுஸ்’ என்று பட்டப்பெயர். ஹேஷ் என்றால் மிச்சம் மீதி இறைச்சியைக் கொத்திச் செய்யும் பண்டம். அந்தப் பட்டப்பெயரே குழுவுக்கும் ஒட்டிக்கொண்டது. கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஜப்பானியருடன் நடந்த சண்டையில் இறந்துபோனார். நண்பர்கள் 1946-இல் மறுபடி ஓட ஆரம்பித்தார்கள். அந்த முதல் குழு இன்றைக்கும் திங்கட்கிழமை மாலையில்தான் ஓடுகிறது. சனி, ஞாயிறு ஓட்டமெல்லாம் பின்னால் வந்த குழுக்களுடையது.

எனக்கு 56 வயது, மூட்டு வலி உண்டு, வேகமாக ஓட வராது. நண்பர் வற்புறுத்திக் கூப்பிடுகிறார். நடுக்காட்டில் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களா?
– ஈப்போ வாசகர்

தாராளமாகப் போங்கள். உங்களைப் போன்றவர்களை மனதில் வைத்தே அமைத்தது போல ஒரு ஏற்பாடு இந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது, எனக்கு இதில் மிகவும் பிடித்ததும் அதுதான். தடம் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஓரிடத்தில் அறுந்துவிடும். அதற்குச் ‘செக்’ என்று பெயர். அங்கிருந்து சரியான தடம் எந்தப் பக்கமும் போகலாம், முயல் வேண்டுமென்றே பொய்த்தடமும் போட்டிருப்பார். முன்னால் வந்த இளவட்டங்கள் நாலா பக்கமும் சிதறி ஓடித் தேடுவார்கள், மேடேறிப் போய் ஒன்றுமில்லை என்று திரும்பி வருவார்கள், ஓடையைத் தாண்டிப் பார்ப்பார்கள். அதற்குள் நீங்கள் மெதுவாக நடந்தே செக்குக்கு வந்து சேர்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கலாம். யாராவது ஒருவர் தடத்தைக் கண்டுபிடித்து ‘ஆன் ஆன்!’ என்று கத்தியதும் எல்லோரும் அந்தப் பக்கம் போவார்கள், நீங்களும் போவீர்கள். அப்புறம் அடுத்த செக். அவர்கள் பத்து கிலோமீட்டர் ஓடியிருப்பார்கள், நீங்கள் ஆறு நடந்திருப்பீர்கள், ஆனால் கார் நிறுத்திய இடத்துக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்து சேர்வீர்கள். நல்ல முயல் என்றால் செக் வைக்கத் தெரிந்தவர். செக் சரியில்லாத ஓட்டத்தில்தான் பின்னால் வருகிறவர்கள் தவித்துப்போவார்கள், அதனால் முதல் தடவை போகும்போது அன்றைக்கு முயல் யார், அனுபவம் உள்ளவரா என்று உங்கள் நண்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ‘ஆர் யூ?’ என்று குரல் கொடுக்கலாம். ‘செக்கிங்’ என்று பதில் வந்தால் இன்னும் தேடுகிறார்கள், அவசரமில்லை என்று அர்த்தம். மூட்டு வலியை மட்டும் முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், சேற்றில் இறங்கும் சரிவுகள் சமதரை நடை மாதிரி இருக்காது.

ஓடி முடித்ததும் பீர் குடிக்கத்தான் இந்தக் கூட்டமே என்கிறார்கள். மகனை அனுப்பலாமா?
– பெயர் வேண்டாம், சிரம்பான்

மகனுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. சிறு பையன் என்றால் பெரியவர்கள் குழுவுக்கு அனுப்பாதீர்கள். குடும்பத்தோடும் பிள்ளைகளோடும் ஓடுகிற குழுக்கள் உண்டு, விசாரித்து அதற்கு அனுப்புங்கள். பீர் விஷயத்தை மறைத்துப் பேசுவதில் பிரயோசனம் இல்லை: 1950-இல் சங்கமாகப் பதிவு செய்தபோது எழுதிக்கொடுத்த நோக்கங்களிலேயே, உடற்பயிற்சிக்குப் பக்கத்தில், நல்ல தாகம் எடுக்க வைத்து அதைப் பீரால் தீர்ப்பது என்பதும் இருக்கிறது. கடைசியில் வட்டமாக நின்று பாட்டுப் பாடி, சிலரை நடுவில் கூப்பிட்டு ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லும் வழக்கமும் உண்டு. நான் குடிப்பதில்லை. இத்தனை வருடத்தில் பார்லி தண்ணீரும் ‘நூறு பிளஸ்’ என்ற குளிர்பானமும்தான் குடித்திருக்கிறேன், யாரும் வற்புறுத்தியதில்லை. வற்புறுத்துகிற குழு என்றால் அன்றைக்கே விட்டுவிடச் சொல்லுங்கள்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். நாங்கள் அரிசிக்காக நடந்த பால்மர (ரப்பர்) காட்டில் இப்போது காரில் வந்து இறங்கி விளையாட்டுக்கு ஓடுகிறார்கள். பார்த்தால் மனது என்னவோ செய்கிறது. உங்களுக்கு அப்படித் தோன்றவில்லையா?
– சுங்கை சிப்புட் வாசகர்

தோன்றியிருக்கிறது, ஐயா. என் பாட்டி பால் வெட்டியவர். விடியும் முன் குளிரில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்று, நிரை நிரையாக வெட்டி, மரத்தில் கட்டிய மங்கு (கிண்ணம்) மங்காக எடுத்து ஊற்றியவர். 1938-இல் அந்த வெள்ளைக்காரர்கள் ஓடியதும் இதே மாதிரி கித்தா (ரப்பர்) காடுகளில்தானே, லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசலில் நின்று நம்மவர்கள் பார்த்திருப்பார்கள். அடுத்த மூன்றாவது வருடம், 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துங்கள் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டியிருந்தது. ஒரே மண்ணில் ஒருவர் விளையாட்டாக ஓடலாம், இன்னொருவர் சைக்கிளில் உட்கார்ந்தபடி போகக்கூடாது. உங்கள் மனது கனப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் நான் ஓடுகிறேன், ஏனென்றால் தோட்டங்கள் கைமாறி, செம்பனையாகி, வீடமைப்புத் திட்டமாகி, நம் ஜனங்கள் வெளியேறிய பிறகு அந்தப் பாதைகளில் போக எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை தடம் ஒரு பழைய லயத்துப் பக்கம் போனது. கூரை இல்லை, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகையின் சிமெண்டுத் தரையும் வேப்பமரத்தடியில் ஒரு சூலமும் மட்டும் மிச்சம். என்னோடு வந்த சீன நண்பர் இது என்ன என்று கேட்டார், செக்கில் மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்த பத்து நிமிடமும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களால் முடிந்தால் ஒருநாள் வாருங்கள். அந்தக் காட்டில் எது எங்கே இருந்தது என்று எங்களுக்குச் சொல்ல உங்களைப் போன்ற ஆள் வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு என்ன எடுத்துப்போக வேண்டும்? அட்டைக்கு என்ன செய்வது?
– ரவாங் வாசகி

விலை உயர்ந்த காலணி வாங்காதீர்கள். பால் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து, ‘அடிடாஸ் கம்போங்’ என்று நம்மூரில் சொல்வார்களே, அது சேற்றில் பிடித்து நிற்கும், கழுவினால் உடனே காயும். நீண்ட காலுறை, டார்ச் லைட், விசில், தண்ணீர், மாற்றுத்துணி. டார்ச்சை வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஏழரைக்குள் இருட்டிவிடும், மரத்தடியில் அதற்கு முன்னாலேயே. இடி இடித்தால் திறந்த மேட்டில் நிற்க வேண்டாம். தடம் தவறினால் அலையாமல் கடைசியாகக் காகிதம் பார்த்த இடத்துக்குத் திரும்பிப்போய் விசில் அடியுங்கள்.

அட்டையைப் பிய்த்து இழுக்க வேண்டாம், நகத்தை அதன் வாய்ப் பக்கம் கொடுத்து நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், அது உறையாமல் இருக்க அட்டையே ஒன்றைச் செலுத்துகிறது, பயப்பட வேண்டாம். நான் அதிகம் பயப்படுவது எலிக்காய்ச்சலுக்கு. காலில் புண்ணோடு ஓடையில் இறங்காதீர்கள், பிறகு காய்ச்சல் வந்தால் ஓடைத் தண்ணீரில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

காட்டில் போட்ட காகிதத்தை யார் பொறுக்குவது?
– கோலசிலாங்கூர் மாணவி

மழையில் கரைந்துவிடும் மெல்லிய காகிதம்தான் போட வேண்டும், பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளைப் போடவே கூடாது. எங்கள் குழுவில் கடைசியாக வருகிறவர் ஒரு பையோடு வருவார். போன மாதம் அது நான்தான், அரைப் பைக்கு மேல் மற்றவர்கள் போட்ட பாட்டில்களும் நெகிழிப் பைகளும் கிடைத்தன, அவற்றையும் எடுத்து வந்தோம்.